நின்றுகொண்டே தின்ற கணக்கு

41,589 ரூபாய். போன மார்ச் கடைசியில் வீட்டுக் கணக்கை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோது, உடம்பு இளைப்பதற்காக நான் வீணடித்த தொகை இவ்வளவு என்று தெரிந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. ஊரான் காசை ஒரு பைசா பிசகாமல் எழுதுகிறவள், என் காசு போன வழியை மூன்று வருஷம் கழித்துத்தான் கூட்டிப் பார்த்தேன். ஜிம்முக்கு ஒரு வருஷச் சந்தா 12,000. அங்கே போனது 23 நாள். தண்ணீரில் கலக்கிச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் பவுடருக்கு மூன்று மாதம், மாதம் 7,200. செல்போனில் கிடைத்த ஒரு '45 நாள் கோச்சு'க்கு 4,999. வயிற்றில் கட்டும் பெல்ட் 1,850. கிரீன் காபி என்று ஒரு டப்பா 1,140. அந்த பெல்ட்டை இப்போது மகன் விளையாட எடுத்துக்கொண்டான். பணம் கொடுத்து வாங்கியதில் உருப்படியாகப் பயன்படுவது அது ஒன்றுதான்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் 2014, மகள் 2018. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவில்லை. ஊரடங்கு காலத்தில் இன்னும் ஏறி, அதற்குப் பிறகும் ஏறி, கடைசியில் 79 கிலோவில் வந்து நின்றது. என் உயரம் 157 சென்டிமீட்டர். உயரத்துக்கும் எடைக்கும் போடும் கணக்கில் 32 வருகிறது. நம் ஊர் உடல்வாகுக்கு 23 தாண்டினாலே அதிகம், 25 தாண்டினால் உடல் பருமன் என்பது இந்திய மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. இது தெரியாதவரை நான் 'கொஞ்சம் பூசினாப்பல' இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பவுடர் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கும் என் தெருவிலேயே இரண்டு பேர் அதைக் குடிக்கிறார்கள். 2022 ஜூனில் ஆரம்பித்தேன். காலையும் இரவும் பவுடர், மதியம் மட்டும் கொஞ்சம் சோறு. இரண்டரை மாதத்தில் 7 கிலோ குறைந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், எனக்கும் கால் தரையில் படவில்லை. பிள்ளைகளுக்கு தோசை வார்த்துப் போட்டுவிட்டு ஓரமாக நின்று அந்தச் சாக்லேட் வாசனைக் கரைசலைக் குடிப்பேன். கோபம் கோபமாக வரும். ஒருநாள் மகன் பால் டம்ளரைத் தட்டிவிட்டதற்கு அடித்துவிட்டேன். செப்டம்பரில் பணம் கட்ட முடியாமல் நிறுத்தினேன். அக்டோபரில் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. விற்றவரைக் கேட்டால் "உள்ளே இருக்கிற கழிவு வெளியேறுது, நல்லதுதான்" என்றார். உடம்புக்குத் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி முடி கொட்டும் என்பதும், மிக வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும் என்பதும் பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரியும். அடுத்த மார்ச்சுக்குள் போன 7 கிலோவும் திரும்பி வந்தது, கூடவே 2 கிலோவைக் கூட்டிக்கொண்டு. அந்தக் கடைசிக் கணக்குதான் 79. இளைத்துத் தருகிறோம் என்று யார் சொன்னாலும், அவர்கள் கொடுப்பதை நிறுத்திய மறுநாள் நான் என்ன சாப்பிட வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

2023 ஆகஸ்டில் வேறு ஏதோ காய்ச்சலுக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c என்கிற டெஸ்ட்) 6.1 சதவீதம். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாக அர்த்தம். என் அப்பாவுக்கு அந்த நோய் என்ன செய்தது என்று கிட்டே இருந்து பார்த்தவள் நான். அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். தைராய்டும் பார்த்தார்கள், அது சரியாக இருந்தது. எடை குறைக்க நினைக்கும் பெண்கள் எதில் இறங்குவதற்கு முன்னாலும் இந்த இரண்டு டெஸ்ட்டையும் செய்துவிடுங்கள். எனக்கு எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய் ஆனது. மேலே சொன்ன 41,589ஐ விட எவ்வளவோ மலிவு.

அந்த டாக்டரம்மா டயட் சார்ட் எதுவும் தரவில்லை. "ஒரு வாரம் வாயில போற எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க. குறைக்க வேண்டாம், எழுதினா போதும்" என்றார். எழுதுவதுதானே நம் தொழில் என்று ஆபீஸில் மீந்த ஒரு பழைய லெட்ஜரில் கோடு போட்டேன். என்ன நேரம், என்ன பொருள், உட்கார்ந்தா நின்றா, யார் தட்டில் இருந்து, பசித்ததா இல்லையா. நான் நினைத்திருந்தது மூன்று வேளை சாப்பாடு, இரண்டு காபி, சாயங்காலம் ஒரு முறுக்கு. ஏழு நாளில் வந்தது 74 வரி. அதில் உட்கார்ந்து சாப்பிட்டது 23. மீதி 51ம் நின்றபடி, நடந்தபடி. பிள்ளைகளின் தட்டிலும் டிபன் பாக்ஸிலும் இருந்து வந்தது 26. பசித்தது என்று எழுத முடிந்தது 19 இடத்தில்தான்.

ஒரு காலையை மட்டும் சொல்கிறேன். கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்த முதல் தோசை, அதை யாருக்கு வைப்பது, என் வாய்க்கு. மகன் வைத்துவிட்டுப் போன ஒன்றரை இட்லி. மகளுக்கு ஊட்டும்போது 'பாப்பாவுக்கு ஒரு வாய், அம்மாவுக்கு ஒரு வாய்' என்று ஏமாற்றி ஊட்டியதில் அம்மாவுக்குப் போன அஞ்சாறு வாய். டிபனுக்குக் கட்டிய எலுமிச்சை சாதத்தில் உப்புப் பார்த்தது இரண்டு தடவை. இதெல்லாம் முடிந்து எட்டே கால் மணிக்கு 'இன்னும் ஒண்ணுமே சாப்பிடலையே' என்று எனக்கென்று மூன்று இட்லி, நாலு நிமிஷத்தில், மேடையில் சாய்ந்துகொண்டு. சாயங்காலம் டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்தால் அதே எலுமிச்சை சாதம் பாதி திரும்பி வந்திருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, கழுவுவதற்கு முன்னால் அதையும் நானே தின்றுவிடுவேன். ஆறிப்போய், பருப்பெல்லாம் நமத்துப்போன அந்தச் சாதம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆறு வருஷமாகத் தின்று வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுபவர் கழனித்தண்ணிக்கென்று கொல்லையில் ஒரு வாளி வைத்திருக்கிறார். தினமும் எடுத்துக்கொண்டு போவார். அந்த லெட்ஜரைப் பார்த்தபோது, மாட்டுக்குப் போக வேண்டியதை எல்லாம் நான் தின்றுகொண்டிருந்தது புரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. நான் தின்னிப்பண்டாரம் இல்லை, கவனிக்காமல் தின்றவள், அவ்வளவுதான்.

அப்புறம்தான் 'மைண்ட்ஃபுல் ஈட்டிங்', அதாவது கவனித்துச் சாப்பிடுவது பற்றித் தேடினேன். எல்லா வீடியோவிலும் ஓர் உலர் திராட்சையை எடுத்து, பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து ஐந்து நிமிஷம் சாப்பிடச் சொன்னார்கள். 1979ல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய தியானப் பயிற்சியிலிருந்து பரவியதாம். செய்து பார்த்தேன். முதல் திராட்சையை நான் முகர்ந்து முடிப்பதற்குள் மகள் மீதிக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டாள். பயிற்சியைக் குறை சொல்லவில்லை, ஆனால் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை என் வீட்டில் யாரும் எதையும் முகர்ந்து பார்க்க முடியாது. அதனால் எனக்கு முடிந்த மாதிரி சுருக்கிக்கொண்டேன். வாயில் போகும் எதுவானாலும் தட்டில் வைத்து, உட்கார்ந்து. முதல் மூன்று வாரம் இது ஒன்றே சட்டம். எதையும் குறைக்கவில்லை, எதையும் விலக்கவில்லை. பிய்ந்த தோசை வேண்டுமா, தாராளமாகத் தின்னலாம், தட்டெடுத்து வைத்து உட்கார வேண்டும். நம்ப மாட்டீர்கள், பாதிக்கு மேல் உட்காரச் சோம்பல்பட்டே நின்றுபோனது.

மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் பெரிய சண்டை. சோற்றைக் கொட்டுவது எங்கள் வீட்டில் பாவம். மாமியார் முகம் மாறும். நான் பண்ணியது, பிள்ளைகளுக்கு வைப்பதையே குறைத்தது. இரண்டு இட்லி வைத்த இடத்தில் ஒன்று. வேண்டுமானால் கேள், தருகிறேன். 'தட்டைக் காலி பண்ணு' என்று சொல்வதை நிறுத்தினேன். பிள்ளைகள் ஒன்றும் மெலியவில்லை. மகன் சில நாள் மூன்று கேட்டான், சில நாள் ஒன்றோடு எழுந்தான். அவர்களுக்குப் பசி தெரிகிறது, எனக்குத்தான் மறந்துபோயிருந்தது. அப்படியும் மீந்தது வாளிக்குப் போனது. டிபன் பாக்ஸை வந்தவுடனே திறந்து வாளியில் கவிழ்க்கும் வேலையை மகனிடமே கொடுத்துவிட்டேன். தன் சாப்பாடு தினமும் மாட்டுக்குப் போவதைப் பார்த்ததும், "அம்மா, லெமன் ரைஸ் வேண்டாம், சப்பாத்தி குடு" என்றான். ஆறு வருஷமாக நான் தின்று மறைத்த தகவல் இது.

அடுத்தது நேரம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும் என்கிறார்கள். நாலு நிமிஷத்தில் சாப்பிடுகிறவளுக்கு அந்தச் செய்தி சாப்பாடு முடிந்து வண்டியில் போகும்போதுதான் வரும். மூன்று வேளையும் மெதுவாகச் சாப்பிடுவது என்பது கைக்குழந்தை இல்லாதவர்களுக்கே கஷ்டம். ஒரு வேளையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்வது. எனக்கு அது ஆபீஸ் மதியச் சாப்பாடு. கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, போனை டிராயரில் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் கை பரபரத்தது. சும்மா உட்கார்ந்து சோறு தின்பது ஏதோ தப்புச் செய்வது போல இருந்தது.

அங்கேதான் என் சோற்றுக் கணக்கும் பிடிபட்டது. நம் சாப்பாட்டில் குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. ஒவ்வொரு தடவையும் 'கொஞ்சம்'தான் போடுகிறோம், ஆனால் மூன்று கொஞ்சம் சேர்ந்தால் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. ரசம் முடியும்போதே எனக்கு வயிறு போதும் என்று சொல்லிவிடுகிறது. மோர் சோறு பழக்கத்துக்காகத் தின்பது. ஆனால் அது இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அதனால் மொத்தச் சோற்றையும் முதலிலேயே பாக்ஸில் வைத்து மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். பொரியலை முதலில் சாப்பிட்டேன். மோர் சோறு நின்றுபோகவில்லை, நாலு வாயாகக் குறைந்தது. வீட்டில் அரிசிம்பருப்பு சோறு செய்யும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. நெய் ஊற்றிய அரிசிம்பருப்புக்கு முன்னால் எனக்குக் கவனம் எல்லாம் கிடையாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "என்ன கண்ணு, ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சுட்டே? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று இன்னொரு கரண்டியோடு வருவார். "போதுமுங்க அத்தை, வயிறு நெறஞ்சுருச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கையால் மூடுவேன். 'டயட்ல இருக்கேன்' என்று சொல்லிப் பார்த்தேன், விவாதம் வந்தது. 'வயிறு நெறஞ்சுருச்சு' என்றால் அதற்கு மறுபேச்சு இல்லை. "செய்யறதெல்லாம் ருசியா இருக்குதுங்க" என்று கூடவே சொல்லிவிட வேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்கு 15 நிமிஷம் கிடைக்கத்தான் எட்டு மாதம் ஆனது. கவனித்துச் சாப்பிடச் சொல்கிறவர்கள் யாரும் அந்த 15 நிமிஷத்தை அம்மாவுக்கு யார் கொடுப்பது என்று சொல்வதில்லை. எனக்கு அதில்தான் கோபம். கடைசியில் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க, காலைல பாப்பாவ நீங்க பாத்துக்குங்க. எனக்குப் பதினஞ்சு நிமிஷம் வேணுங்க."

"எதுக்கு?"

"சாப்படறதுக்குங்க."

சிரித்தார். அப்புறம் லெட்ஜரைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மறுநாள் காலையில் ஒன்றும் சொல்லாமல் மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தார். பின்னல் கோணலாகத்தான் வந்தது. ஆறு வயசுப் பெண்ணுக்கு ஊட்டுவதையும் அதோடு நிறுத்தினோம். தானே சாப்பிட விட்டதில் மூன்று வாரம் தரையெல்லாம் சட்னி. அதற்குப் பிறகு என் கை எனக்கே கிடைத்தது. துணை இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், பிள்ளைகளோடு சேர்ந்தே ஒரு வேளை உட்கார்ந்து பாருங்கள். பரிமாறிக்கொண்டே எழுந்து எழுந்து போகாமல், எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு உட்காருவதே பாதி வேலை.

எதுவும் பலிக்காத இடம் இரவு பத்தரை மணி. பிள்ளைகள் தூங்கி, பாத்திரம் கழுவி, எல்லோரும் அடங்கிய பிறகு மிக்சர் பாக்கெட்டும் செல்போனுமாக உட்காருவேன். நூறு கிராம் மிக்சரில் ஏறக்குறைய 500 கலோரி. வயிற்றில் பசியே இருக்காது. நாள் முழுக்க எனக்கென்று கிடைத்த ஒரே நேரம் அது, அதற்கு ஒரு கொண்டாட்டம் வேண்டியிருந்தது. மிக்சரை ஒளித்து வைத்தேன், ஒளித்த இடம் எனக்குத் தெரியுமே. கிண்ணத்தில் அளந்து போட்டேன், மூன்று கிண்ணம் தின்றேன். கடைசியில் பாத்திரத்தைக் காலையில் கழுவலாம் என்று போட்டுவிட்டுப் பத்து மணிக்கே படுத்ததுதான் வேலை செய்தது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும் என்பதும் உண்மைதான் என்று உடம்பே காட்டியது. இப்போதும் மாதத்தில் நாலைந்து இரவு மிக்சர் உண்டு.

லெட்ஜரை நாலு மாதம் தொடர்ந்து எழுதியதில் இன்னொன்று வெளியே வந்தது. ஒவ்வொரு மாதமும் 7, 11, 20 தேதிகளை ஒட்டி வரிகள் பெருகின. 7 டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வரியைக் கட்டும் நாள். 11 ஜிஎஸ்டிஆர் 1, 20 ஜிஎஸ்டிஆர் 3பி, இரண்டும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள். அந்த நாட்களில் கம்பெனிக்கு எதிர் பேக்கரியில் இருந்து பப்ஸ், தேங்காய் பன், நாலு டீ. ஒரு டீக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் நாலு டீயிலேயே 40 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. உங்களுக்கும் இப்படிச் சில தேதிகள் இருக்கும். பிள்ளைகள் பரீட்சை, சீட்டுப் பணம் கட்டும் நாள், மாதவிலக்குக்கு முந்தைய வாரம். அவை வரும் என்று முன்கூட்டியே தெரிவதால் கையில் வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாம். நான் சுண்டல் கொண்டு போகிறேன், டீயில் சர்க்கரையை மாதம் அரை டீஸ்பூன் வீதம் குறைத்தேன்.

19 மாதத்தில் 79லிருந்து 69.8க்கு வந்திருக்கிறேன். மாதத்துக்கு அரைக் கிலோகூட இல்லை. நடுவில் மூன்று மாதம் முள் அசையவே இல்லை, இரண்டு தீபாவளிக்கும் ஏறி இறங்கியது. பதினோராம் மாதம் எடுத்த சர்க்கரைச் சராசரி 5.6. மருத்துவக் கணக்குப்படி நான் இன்னும் பருமன்தான். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். தாய்ப்பால் கொடுக்கிறவர்களும் அவசரப்பட வேண்டாம். எழுத எழுத சாப்பாட்டைப் பார்த்தாலே பயமோ குற்ற உணர்வோ வருகிறது என்றால் லெட்ஜரை மூடிவிடுங்கள், அது எல்லோருக்கும் ஆன மருந்து இல்லை.

நாளை 20ஆம் தேதி. கொண்டைக்கடலை ஊறப் போட்டிருக்கிறேன்.